சனிக்கிழமை பார்பிக்யூவுக்கு எட்டுப் பேர்

ஹூஸ்டன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு, புகையில் பொறுமையாக வேகவைத்த கறியான டெக்சாஸ் பார்பிக்யூ சாப்பிடப் போகிறோம், எட்டுப் பேர், ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு என்று சொன்னாய். எவ்வளவு வாங்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்றும் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். கவுண்டரில் நிற்கும்போது எடுத்துப் பார்க்க வசதியாக எழுதியே அனுப்புகிறேன்.

முதல் விஷயம், எட்டுப் பேரையும் தனித்தனியாக ஆர்டர் சொல்ல விடாதே. நீ ஒருத்தியே எல்லோருக்கும் சேர்த்து, எடைக்கணக்கில் வாங்கு. ஆளுக்கொரு பிளேட் என்று வாங்கினால் அதே பீன்ஸும் அதே உருளைக்கிழங்கும் எட்டுத் தடவை வரும், காசும் கூடும், ஒருவர் வாங்கியதை இன்னொருவர் ருசி பார்க்கவும் முடியாது. இந்தக் கடைகளில் கறி வாங்குவது நம் ஊர் கறிக்கடையில் "தொடைக்கறியா அரைக் கிலோ போடுங்க, கொழுப்பு அதிகம் வேண்டாம்" என்று சொல்லி வாங்குவது போலத்தான். எந்தப் பகுதி, எவ்வளவு எடை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெட்டுகிறவர் கைக்கு வந்ததைப் போடுவார். அவர் மேல் தப்பில்லை, பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள்.

கறிக்கடை மாதிரி இருப்பதற்குக் காரணம், இவை உண்மையிலேயே கறிக்கடைகளாக இருந்தவை. மத்திய டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் 19-ஆம் நூற்றாண்டில் நடத்திய இறைச்சிக் கடைகளில், விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் போட்டு விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை அப்படியே காகிதத்தில் வாங்கி, கடையிலிருந்த ரொட்டி, ஊறுகாய், பச்சை வெங்காயத்தோடு சாப்பிட்டார்கள். இன்றைக்கும் தட்டு இல்லாமல் காகிதத்தில் கறியை வைப்பதும், பக்கத்தில் வெள்ளை ரொட்டி, வெள்ளரி ஊறுகாய், வெங்காயம் சும்மா கொடுப்பதும் அதன் தொடர்ச்சிதான். அடுப்படியில் நின்று தீயைப் பழக்கியவர்களில் கறுப்பின மக்களும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். கிழக்கு டெக்சாஸில் இனிப்புச் சாஸோடு கறியைக் கொத்தித் தருவதும், தெற்கே மாட்டுத்தலையைக் குழியில் வேகவைக்கும் பார்பகோவாவும் அவர்கள் வழி வந்தவை. நீ போவது மத்திய டெக்சாஸ் வகைக்கு. அதில் உப்பு, மிளகு, கருவேலம் போல உறுதியான போஸ்ட் ஓக் விறகு, நேரம், இவ்வளவுதான் சரக்கு.

எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாய். 2024 நவம்பரில் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி டெக்சாஸுக்கென்று முதல் தடவை வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதில் இன்டர்ஸ்டெல்லார், லா பார்பிக்யூ, லீராய் அண்ட் லூயிஸ் மூன்றும் உங்கள் ஆஸ்டினில்தான். ஃபிராங்க்ளின் பார்பிக்யூவும் அங்கேதான். 2009-இல் டிரெய்லர் வண்டியில் தொடங்கிய கடை. இவற்றுக்கு நீயும் ஒரு நண்பரும் ஒரு வாரநாளில் போங்கள். சனிக்கிழமை எட்டுப் பேரோடு, அதில் பாதிப் பேர் முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் என்றால், மணிக்கணக்கில் வெயிலில் வரிசையில் நிற்க வைப்பது நியாயமில்லை. லெக்சிங்டனில் இருக்கும் ஸ்நோஸ் கடை சனிக்கிழமை மட்டும், காலை 8 மணிக்குத் திறக்கும். டெக்சாஸ் மன்த்லி பத்திரிகை 2008-லும் 2017-லும் அதை மாநிலத்திலேயே முதலிடத்தில் வைத்தது. ஆனால் அதற்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அதுவும் இந்தக் கூட்டத்துக்கு ஒத்துவராது.

என் பேச்சைக் கேட்டால் லாக்ஹார்ட்டுக்குப் போ. ஆஸ்டினிலிருந்து 183-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 30 மைல். டெக்சாஸ் சட்டமன்றமே 1999-இல் அந்த ஊரை மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று அறிவித்தது. பெரிய கூடங்கள், நீள மேசைகள், எட்டுப் பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைக்கும். 1900-இல் தொடங்கிய க்ரூஸ் மார்க்கெட் அங்கே இருக்கிறது. நெடுங்காலம் சாஸும் முள்கரண்டியும் தராமலே விற்ற கடை. 1999-இல் குடும்பத்தில் பாகம் பிரிந்தபோது அது புதுக் கட்டடத்துக்கு மாற, பழைய அடுப்பிலிருந்த தணலை அப்படியே தெருவழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். பழைய கட்டடத்தில் இப்போது ஸ்மிட்டீஸ் நடக்கிறது. அங்கே நுழைந்தால் கறி வாங்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே தரையில் விறகு திறந்தபடி எரியும், தொளதொள உடை உடுத்திப் போனால் ஒதுங்கி நில்லுங்கள். இந்த இரண்டு கடைகளிலும் கறி ஒரு அறையில், சைடும் (கறியோடு சாப்பிடும் பீன்ஸ், உருளைக்கிழங்கு மாதிரி வகைகள்) குடிபானமும் வேறொரு அறையில். ஆகவே நீ கறிக்கு நிற்கும்போதே இன்னொருவரை மற்ற கவுண்டருக்கு அனுப்பிவிடு. இல்லாவிட்டால் கறியைக் கையில் வைத்துக்கொண்டு பீன்ஸுக்காக இரண்டாம் வரிசையில் நிற்பாய், கறி ஆறிவிடும்.

உன் கூட்டத்தில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இரண்டு பேர், சைவம் ஒருத்தி என்றதால் 1932-இல் தொடங்கிய பிளாக்ஸ் பொருந்தும் என்று நினைக்கிறேன். வான்கோழியும் உண்டு, சைடு வகையும் கூடுதல். அங்கே வரிசையில் சைடு முதலில் வரும், கறி கடைசியில் வரும். பசியில் முதலிலேயே ட்ரேயை நிரப்பிவிடாதீர்கள். எந்தக் கடையானாலும் வியாழக்கிழமை ஒரு போன் போட்டு, சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், வான்கோழி இருக்குமா என்று கேட்டுக்கொள். காலை 10.45-க்கு வாசலில் இருங்கள். இரவு முழுக்க வெந்த கறி முற்பகலில்தான் பதமாக இருக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி சமைக்க இன்னொரு இரவு வேண்டும்.

இனி பிரிஸ்கெட். இதை நன்றாகப் புரிந்துகொள், மற்றதெல்லாம் தானாக வரும். மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிற நெஞ்சுப் பகுதி இது. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. நிற்கும்போது உடம்பின் பாதிக்கு மேற்பட்ட எடையை இந்தத் தசைதான் தாங்குகிறது. அதனால் உள்ளே சவ்வு அதிகம், சட்டென்று வறுத்தால் ரப்பர்தான். பொறுமையாகச் சூடேற்றினால் அந்தச் சவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் குடித்தபின் உதட்டில் ஒட்டுமே, அதே பசைதான் நல்ல பிரிஸ்கெட் துண்டைத் தொட்டபின் உன் விரலிலும் ஒட்ட வேண்டும்.

12 முதல் 16 பவுண்டு பச்சைக் கறியை எடுத்து, மேலே கால் அங்குலக் கொழுப்பு விட்டு மிச்சத்தைச் சீவிவிட்டு, உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும் தடவி, 250 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டிய சூட்டில் 10 முதல் 14 மணிநேரம் வைப்பார்கள். விறகு எரியும் அறை ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம், நடுவே சூடும் புகையும் மட்டும் ஓடும். உள்சூடு 150 முதல் 170 டிகிரிக்குள் எங்கோ போய் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். கறியின் மேலிருந்து ஆவியாகும் ஈரம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. இந்த இடத்தில் பொறுமையிழந்து தீயைக் கூட்டினவர்கள் கறியைக் காய வைத்துவிடுவார்கள். தெரிந்தவர்கள் காகிதத்தில் சுற்றித் தாண்டவிட்டு, 200 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் இறக்கி, 140 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மணிக்கணக்கில் ஓய்வாக வைப்பார்கள். சீவியது, உருகியது, ஆவியானது எல்லாம் போகப் பச்சை எடையில் பாதியை ஒட்டித்தான் விற்பனைக்கு மிஞ்சும். பவுண்டு 30 டாலருக்கு மேல் என்று பலகையில் பார்த்ததும் திகைக்காதே, அந்த விலையின் கணக்கு இதுதான்.

ஒரு பிரிஸ்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள். தட்டையானது கொழுப்புக் குறைவு, அதை லீன் என்பார்கள். மேலே தடித்து இருப்பது கொழுப்பு ஊடுருவியது, அதைக் கடைக்கு ஏற்ப மாய்ஸ்ட் என்றோ ஃபேட்டி என்றோ சொல்வார்கள். "பிரிஸ்கெட்" என்று மட்டும் சொன்னால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்பார், அல்லது கேட்காமலே லீன் போட்டுவிடுவார். முதல் தடவை வருகிறவர்கள் கொழுப்பு என்ற சொல்லுக்குப் பயந்து லீன் மட்டும் கேட்டு, "என்ன இப்படி வறண்டு இருக்கு" என்பார்கள். நீ இரண்டும் வாங்கு, மாய்ஸ்டைக் கூடுதலாக வாங்கு.

வெட்டும்போது பார். லீன் துண்டு பென்சில் கனம் இருக்க வேண்டும், மாய்ஸ்ட் அதைவிடச் சற்றுத் தடிமன். தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே கத்தி போக வேண்டும். இரண்டு தசைகளிலும் நார் வெவ்வேறு பக்கம் ஓடுவதால், நல்ல கைக்காரர் நடுவே வந்ததும் கறியையே திருப்பிப்போட்டு வெட்டுவார். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் எவ்வளவு நன்றாக வெந்த கறியும் நூல் நூலாகப் பல்லில் மாட்டும். தட்டைத் தசையின் மெலிந்த நுனி எப்போதும் காய்ந்திருக்கும். கத்தி அங்கே போகிறது என்றால், தராசில் வைப்பதற்கு முன்னே, "நுனி வேண்டாம், நடுவிலிருந்து கொடுங்கள்" என்று சிரித்த முகத்தோடு கேள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடை போட்டபின் கேட்பதுதான் சங்கடம்.

பதம் பார்க்க ஒரு வழி. ஒரு லீன் துண்டை நடுவில் ஆள்காட்டி விரலால் தாங்கித் தூக்கு. இரண்டு பக்கமும் துணி போலத் தொங்க வேண்டும், அறுந்து விழக்கூடாது. இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தால் சிறு எதிர்ப்போடு பிரிய வேண்டும். தூக்கும்போதே உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது. இழுத்தால் ரப்பராக நீண்டால் சவ்வு இன்னும் கரையவில்லை. ஓரத்தில் தெரியும் ரோஜா நிற வளையத்தைப் பார்த்து எல்லோரும் படம் எடுப்பார்கள். அது விறகுப் புகையின் வாயுக்கள் கறியின் நிறமிப் புரதத்தோடு சேர்ந்ததால் வருவது. பார்க்க அழகு, ஆனால் ருசிக்கோ பதத்துக்கோ அது சாட்சி இல்லை. வான்கோழியின் ஓரத்திலும் அந்த நிறம் வரும், வேகவில்லை என்று யாராவது ஒதுக்கினால் எடுத்துச் சொல். கறுப்பாக இருக்கும் மேல்தோலும் கருகல் இல்லை. உப்பு, மிளகு, கொழுப்பு, புகை எல்லாம் இறுகிய படலம் அது. அதைச் சீவி ஒதுக்க விடாதே. மிளகுக் காரமும் உப்பும் அங்கேதான் இருக்கின்றன, உள்ளே கறி சப்பென்றுதான் இருக்கும். தோல், கொழுப்பு, கறி மூன்றும் ஒரே வாயில் போக வேண்டும். நாக்கு மரத்துப்போகிற கசப்பு இருந்தால் மட்டும் குறை. ஈர விறகோ காற்றுப் போதாத தீயோ அடர்ந்த வெள்ளைப் புகையைக் கக்கியிருக்கிறது. நல்ல தீயின் புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

இப்போது அளவு. கறி சாப்பிடும் ஆளுக்கு, வெந்த எடையில் அரை பவுண்டு போதும். உங்களில் ஏழு பேர் கறி சாப்பிடுகிறவர்கள், அதில் ஐந்து பேருக்கு மாட்டுக்கறி ஆகும். பிரிஸ்கெட் ஒன்றே முக்கால் பவுண்டு வாங்கு, அதில் மாய்ஸ்ட் ஒரு பவுண்டு, லீன் முக்கால். வான்கோழி நெஞ்சுக்கறி முக்கால் பவுண்டு, பன்றி விலா ஒரு பவுண்டு, சாசேஜ் (கொத்துக்கறியைக் குடல்தோலில் அடைத்தது) இரண்டு. விலாவில் எலும்பின் எடை கழித்தால் ஆளுக்கு அரை பவுண்டைத் தொட்டு நிற்கும். பற்றாவிட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டுமே என்று பயந்து ஆளுக்கு ஒரு பவுண்டு வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இந்தக் கறி கனமானது, நாலு துண்டில் வயிறு அடைத்துவிடும். அரிசிச் சோற்றுக்குப் பழகிய கணக்கு இங்கே ஒத்துவராது.

மாட்டு விலா எலும்பு, அந்த ராட்சத எலும்பு, சனிக்கிழமை இருக்கலாம். ஒன்றே ஒரு பவுண்டு முதல் ஒன்றரை பவுண்டு வரும், எலும்போடுதான் எடை போடுவார்கள், பாதியாகத் தர மாட்டார்கள். ஆசையாக இருந்தால் மேசைக்கு ஒன்று போதும், அப்போது பிரிஸ்கெட்டை ஒரு பவுண்டாகக் குறைத்துவிடு. தராசில் வைக்கும் முன் "சின்னதாக ஒன்று, எவ்வளவு எடை வரும்?" என்று கேள். கேட்காமல் எடுத்தால் அந்த ஒரு எலும்பே 50 டாலரைத் தொட்டுவிடும்.

சைடுக்குப் பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) அளவில் மூன்று, குடிபானம், 8.25 சதவீத வரி, கவுண்டரில் வைக்கும் டிப் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 முதல் 30 டாலர் என்று வைத்துக்கொள். சைவத் தோழியின் பங்கை மட்டும் தனியாகக் கணக்குப் போடு. அவள் சாப்பிட்டது மூன்று கரண்டி உருளைக்கிழங்கும் ஒரு புட்டிங்கும். பிரிஸ்கெட் விலையை எட்டாக வகுத்து அவள் தலையில் வைக்காதே. அவள் வாய்திறந்து கேட்க மாட்டாள், நீதான் பார்த்துச் செய்ய வேண்டும்.

மாட்டுக்கறி ஒதுக்குகிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம். வான்கோழி என்று சொன்னாலே நிம்மதி என்று நினைத்துவிடாதே. அதே பலகை, அதே கத்தி, அதே கையுறை. பிரிஸ்கெட் கொழுப்பில் குளித்த பலகையில் வான்கோழியை வைத்து வெட்டுவார்கள். உன் முறை வந்ததும் முதலில் வான்கோழியைச் சொல், "மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு, சுத்தமான பலகையில் வெட்டித் தனிக் காகிதத்தில் சுற்றித் தர முடியுமா?" என்று கேள். பெரும்பாலும் செய்வார்கள். வான்கோழியை வெண்ணெய் தடவி வேகவைப்பதுதான் பழைய வழக்கம், சில கடைகளில் இப்போது மாட்டுக்கொழுப்புத் தடவுகிறார்கள். அதையும் கேட்டுவிடு. சாசேஜில் இன்னும் குழப்பம். பன்றி சாசேஜ் என்று பெயர் இருக்கும், உள்ளே மாட்டுக்கறியும் கலந்திருக்கும். மாட்டுக்கறி சாசேஜ் என்றிருக்கும், மேல்தோல் பன்றிக்குடலாக இருக்கும். ஆகவே அந்த இரண்டு பேருக்கும் வான்கோழியும் பன்றி விலாவும் போதும், சாசேஜ் வேண்டாம். ஹலால் மட்டும் சாப்பிடுகிற நண்பர் யாராவது கடைசி நேரத்தில் சேர்ந்துகொண்டால் இடத்தையே மாற்றிவிடு. சைடு மட்டும் கொடுத்து அவரை உட்கார வைக்காதே. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் ஹலால் கறியிலேயே டெக்சாஸ் பார்பிக்யூ செய்கிற கடைகள் இருக்கின்றன, ஆஸ்டினில் எகிப்திய மசாலாவோடு செய்கிற கேஜி பார்பிக்யூவை விசாரித்துப் பார்.

சைவத் தோழிக்கு எது ஆகும் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. பிண்டோ பீன்ஸில் பிரிஸ்கெட் துணுக்கோ பேக்கனோ (உப்பிட்ட பன்றிக்கறி) கிடக்கும், அது இல்லாமல் வேகவைக்கிற கடை அபூர்வம். காலர்ட் கீரையிலும் பச்சை பீன்ஸிலும் பன்றிக்கறி போட்டு வேகவைப்பது அமெரிக்கத் தென்மாநில வழக்கம். மேக் அண்ட் சீஸில் (சீஸில் பிரட்டிய மக்ரோனி) பொதுவாகக் கறி இருக்காது, ஆனால் புகையூட்டியது என்று எழுதியிருந்தால் பிரிஸ்கெட்டுக்குக் கீழே வைத்துக் கொழுப்புச் சொட்ட விட்டிருக்கலாம். உருளைக்கிழங்கு சாலட்டிலும் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டிலும் மயோனைஸ் உண்டு, அதாவது முட்டை. முட்டை ஆகும் என்றால் இரண்டும் சரி, பேக்கன் தூவவில்லையே என்று மட்டும் கேட்டுக்கொள். "சைவமா?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு, கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "இதில் இறைச்சி, பேக்கன், இறைச்சிச் சாறு, மாட்டுக்கொழுப்பு ஏதாவது சேர்த்திருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேள். சில கடைகளில் பலாக்காயைப் புகையில் போட்டு உதிர்த்துத் தருகிறார்கள். லீராய் அண்ட் லூயிஸில் காலிஃபிளவரைப் புகையில் போட்டுத் தருகிறார்கள். அப்படி ஏதாவது இருக்கும் கடை கிடைத்தால் அவளுக்காகவே இடத்தை மாற்றினாலும் தகும். இல்லாவிட்டால் அவள் அரை வயிற்றோடுதான் எழுந்திருப்பாள், முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்றி விலாவைக் கடித்தால் கடித்த இடம் மட்டும் சுத்தமாக எலும்பிலிருந்து வர வேண்டும், மொத்தமும் வழுக்கி விழுந்தால் அதிகம் வெந்தது. சாசேஜைக் கையால் முறிக்காதே, தோல் விண்ணென்று இருக்கும், உள்ளேயிருக்கும் சூடான கொழுப்பு எதிரில் இருப்பவர் சட்டையில் பீச்சும். கத்தியால் ஒரு முனையில் சின்னதாகக் கீறிச் சாறை ரொட்டியில் வடியவிட்டு வெட்டு. குடிக்க வேகோ ஊரில் பிறந்த இரண்டு சோடா உண்டு, 1885-இன் டாக்டர் பெப்பரும் 1937-இன் பிக் ரெட்டும். கொழுப்புக் கறியோடு எனக்குச் சர்க்கரை போடாத ஐஸ் டீதான் பிடிக்கும், எலுமிச்சை பிழிந்து. பியர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், ஆனால் 30 மைல் திரும்பி ஓட்ட வேண்டும், இரண்டு காருக்கும் குடிக்காதவர் ஒருவர் யார் என்று கிளம்புமுன் முடிவாகியிருக்கட்டும்.

ட்ரே மேசைக்கு வந்ததும் படம் எடுக்க ஒரு நிமிஷம், அதற்குமேல் வேண்டாம். வெட்டிய முகம் பத்து நிமிஷத்தில் மங்கிக் காய ஆரம்பிக்கும். லீன் துண்டுதான் முதலில் காயும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள், பிறகு வான்கோழி, பிறகு மாய்ஸ்ட். விலாவும் சாசேஜும் கொஞ்சம் பொறுக்கும். முதல் துண்டு சாஸ் இல்லாமல், சும்மா. அதன்பிறகு வேண்டியவர்கள் சாஸைக் காகிதத்தின் ஓரத்தில் ஊற்றித் தொட்டுக்கொள்ளட்டும், கறியின் மேல் ஊற்றினால் மேல்தோல் ஊறிப்போகும். இரண்டு வாய் கொழுப்புக்கு ஒரு கடி பச்சை வெங்காயமோ ஊறுகாயோ வேண்டும், அது இல்லாமல் தொடர்ந்து சாப்பிட்டால் பாதியிலேயே திகட்டும். நாம் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி வைப்பதும் இதற்குத்தான். வெள்ளை ரொட்டியைத் தனியாகத் தின்ன வேண்டாம், கடைசி இரண்டு துண்டு கறியையும் காகிதத்தில் வடிந்த சாறையும் துடைத்துச் சுருட்டிச் சாப்பிட அது. கையால் சாப்பிடு. அங்கே எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள், உனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தால் அங்கேயே கேட்டால் காகிதம் தருவார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். 90 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் வெயிலென்றால் ஒரு மணிநேரத்துக்குள், இல்லாவிட்டால் இரண்டு மணிநேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஒரு சின்ன ஐஸ் பெட்டி எடுத்துப்போ. வீட்டுக்கு என்றே கூடுதலாக ஒரு பவுண்டு வாங்குவதானால் "வெட்டாமல் ஒரே துண்டாக" என்று கேள். முழுத்துண்டு ஈரம் காக்கும், துண்டு போட்டது மறுநாள் அட்டை. மூன்று, நான்கு நாள் தாங்கும். சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம். இரண்டு கரண்டி தண்ணீரோ சூப்போ தெளித்து, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 275 டிகிரி ஓவனில் வை. உள்ளே 165 டிகிரி வந்ததும் எடுத்து, அப்புறம் வெட்டு. லீன் துண்டு எப்படியும் கொஞ்சம் காய்ந்துதான் போகும், அதைப் பொடியாகக் கொத்தி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து முட்டையோடு பிரட்டினால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குத் தோசைக்கு நன்றாக இருக்கும். உப்புப் போடாதே, கறியிலேயே இருக்கிறது.

புகை வாசம் துணியில் இரண்டு நாள் நிற்கும், சனிக்கிழமை சாயங்காலம் வேறு எங்காவது போவதானால் மாற்றுச் சட்டை ஒன்று காரில் வைத்துக்கொள். வியாழக்கிழமை கடைக்குப் போன் செய்துவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா ஈரத்துடைப்பான் ஒரு பாக்கெட் எடுத்துப்போகச் சொன்னாள். கடையில் தரும் காகிதக் கைக்குட்டைக்கு அந்தக் கொழுப்புப் போகாது.